வெள்ளவத்தைத் தொடர்மாடியின் சாப்பாட்டுக் கழிவு: காஸா, பசளையா, வேறு வழியா?

வெள்ளவத்தை வாணி
ஞாயிறு, காலை 8.12

எல்லாருக்கும் வணக்கம். எங்கட தொடர்மாடி முகாமைத்துவக் குழுவில இந்த வருசம் குப்பை விஷயம் என்ர பொறுப்பு. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில இருக்கிற ஒரு லேன், அறுபது வீடு. கீழே வாகனம் விடுற இடத்துக்குப் பக்கத்தில குப்பை அறை. உக்குறது வேறு, உக்காதது வேறு என்று நோட்டீஸ் ஒட்டித்தான் இருக்கு. ஆனா சோறும் மீன் செதிலும் யோகட் கோப்பையும் ஒரே பையில கட்டித்தான் அரைவாசிப் பேர் கொண்டுவந்து வைக்கினம். இரண்டு நாள் லொறி வராட்டி அந்த அறைக்குப் பக்கத்தில நிற்க ஏலாது. எலி, இலையான், புழு. கூட்டித் துடைக்கிற அம்மா கையுறை இல்லாமல் அந்தப் பைகளை அவிழ்த்துப் பிரிக்கிறதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது சும்மா விடக்கூடாத விஷயம் என்று பட்டது.

2022இல காஸ் வரிசையில நிண்ட ஆக்கள் தானே நாங்கள். அந்த நேரமே ஒருத்தர், "எங்கட குப்பையில இருந்தே காஸ் எடுக்கலாமே" என்று கேட்டவர். இப்ப குழுவில அதையே திரும்பக் கேட்கினம். பின்பக்கம் தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில கொஞ்ச இடம் இருக்கு. கழிவைக் காற்றுப் புகாமல் உக்க விட்டு காஸ் எடுக்கிற உயிர்வாயு (பயோகாஸ்) தொட்டி ஒன்று வைச்சால் சரிவருமா? இல்லாட்டி கொம்போஸ்ட் பீப்பாய் தான் நல்லதா? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ. அடுத்த கூட்டத்தில நான் ஒரு முடிவோட போக வேணும்.


கொட்டாஞ்சேனை ரவி
ஞாயிறு, காலை 9.05

அக்கா, கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிற ஆலை 2021இலிருந்து ஓடுகிறது. 10 மெகாவோற். நாளுக்கு 600, 700 தொன் போகும். அதைவிட்டு அறுபது வீட்டுச் சோற்றை வைத்து வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் காஸ் தாங்கி வைப்பது ஆபத்து என்பது என் கருத்து. 2021 கடைசியில் வீடு வீடாக சிலிண்டர் வெடித்ததை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. குப்பையை ஒழுங்காக எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கேட்பதுதான் எங்கள் உரிமை. அதற்குத்தானே வரி கட்டுகிறோம்?


சாணவண்டு
ஞாயிறு, காலை 10.40

வாணி அக்கா, நான் உயிர்வாயுத் தொட்டிகள் பொருத்துகிற வேலையில் இருக்கிறவன். கம்பனிப் பெயர் இங்கே சொல்ல மாட்டேன், விளம்பரம் ஆகிவிடும். கணக்கை மட்டும் வைக்கிறேன், நீங்களே முடிவெடுங்கள்.

சாப்பாட்டுக் கழிவு ஒரு கிலோ போட்டால் ஏறத்தாழ 100 லீற்றர் வாயு வரும். சோறு, பாண், பழத்தோல் கூட இருந்தால் கொஞ்சம் கூடும், வெறும் கீரைத் தண்டு என்றால் குறையும். சாணத்தில் கிலோவுக்கு 40 லீற்றரைத் தாண்டாது, ஏனென்றால் சத்தை மாடு ஏற்கெனவே எடுத்துவிட்டது. அந்த வாயுவில் 55 முதல் 65 வீதம் எரிகிற மெதேன், மிச்சம் பெரும்பாலும் காபனீரொட்சைட்டு, கொஞ்சம் ஐதரசன் சல்பைட்டு. ஒரு கன மீற்றர் உயிர்வாயு என்றால் எல்.பி. காஸ் 0.45 கிலோவுக்குச் சமம்.

உங்கள் அறுபது வீட்டுக்கும் வீட்டுக்கு ஒரு கிலோ என்று வைப்போம். 60 கிலோ, 6 கன மீற்றர் வாயு, அதாவது நாளுக்கு எல்.பி. காஸ் 2.7 கிலோ. ஐந்து நாளுக்குள் ஒரு 12.5 கிலோ சிலிண்டர் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை அறுபதாகப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு ஓர் அடுப்பு கால் மணித்தியாலம் எரியும், அவ்வளவுதான். அதற்காக அறுபது சமையலறைக்குக் குழாய் இழுப்பது பணத்தை வீணாக்குவது. நகரத்தில் இந்தத் திட்டங்கள் பல கைவிடப்பட்டதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. வாயுவை ஒரே இடத்தில், தினமும், கட்டாயம் எரிக்கிற ஆள் ஒருவர் இல்லாததுதான். அப்படி ஒருவர் இருந்தால் தொட்டி ஓடும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அது தண்ணீர் நிறைந்த இன்னொரு பீப்பாய்.

ரவி அண்ணா கேட்ட பாதுகாப்பு விஷயம் நியாயமானது. சிலிண்டருக்குள் வாயு திரவமாக, பெரிய அழுத்தத்தில் இருக்கிறது. கசிந்தால் காற்றைவிடப் பாரம், தரையில் தேங்கும். உயிர்வாயு சில சென்ரிமீற்றர் தண்ணீர் உயர அழுத்தத்தில்தான் நிற்கும், காற்றைவிடச் சற்று இலேசு, திறந்த வெளியில் கலைந்து போய்விடும். ஆனால் காற்றில் மெதேன் 5 முதல் 15 வீதம் கலந்தால் அதுவும் வெடிக்கும். அதனால் மூடிய வாகனத் தரிப்பிடத்துக்குள் வைக்கவே கூடாது. மேலே வானம் தெரியும் இடம் வேண்டும், குழாயில் சுடர் தடுப்பான் வேண்டும்.

அடுத்தது, எல்லாரும் கேட்க மறக்கிற கேள்வி. உள்ளே போகிறது வெளியே வரும். 60 கிலோ கழிவோடு 60 லீற்றர் தண்ணீர் கரைத்து ஊற்றினால், அதே அளவு கரைசல் மறுபக்கம் வெளியே வரும். நாளுக்கு 120 லீற்றர். நைதரசன், பொசுபரசு எல்லாம் அதற்குள்தான். வெள்ளவத்தையில் அதை எங்கே ஊற்றப் போகிறீர்கள்?


வெள்ளவத்தை வாணி
ஞாயிறு, காலை 11.20

120 லீற்றரா? அதை நான் யோசிக்கவே இல்லை. கீழே இரண்டு பூச்சாடிதான் இருக்கு. கழிவுநீர்க் குழாயில விடலாமா?


சாணவண்டு
ஞாயிறு, காலை 11.48

விடாதீர்கள் அக்கா. கொழும்பின் கழிவுநீர் மோதரையிலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் போகிற இரண்டு நீள் குழாய்களில்தான் போய் முடிகிறது. பயிருக்குப் போக வேண்டிய நைதரசனை நீங்களே பாதுகாத்து, பதப்படுத்தி, பிறகு கடலில் கொட்டுவதாகிவிடும். கரைசலுக்கு ஆள் கிடைக்காவிட்டால் தொட்டி கட்டாதீர்கள் என்று நானே வாடிக்கையாளருக்குச் சொல்லுவேன்.


கொலன்னாவை மகன்
ஞாயிறு, பிற்பகல் 1.15

ரவி அண்ணா, கோபிக்காதீர்கள், "எடுத்துக்கொண்டு போகட்டும்" என்ற உங்கள் வார்த்தைக்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும். எடுத்துக்கொண்டு போனது எங்கள் பக்கத்துக்குத்தான். 2009 வாக்கில் உங்கள் புளூமெண்டல் குப்பை மேட்டில் கொட்டுவது நின்றதும் அது மீதொட்டமுல்லைக்கு வந்தது. கொலன்னாவையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் குப்பை மலை வருசா வருசம் உயர்ந்தது தெரியும். மழை பெய்தால் கறுப்புத் தண்ணி வீட்டு வாசலுக்கு வரும். பிள்ளைகளுக்குத் தோல் வருத்தம், இழுப்பு. சனம் வீதிக்கு இறங்கிக் கத்தியது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று பிற்பகலில், பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருந்தவர்கள் மேல் மலை சரிந்தது. 30க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பண்டிகை என்றபடியால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்த குடும்பங்கள் தப்பின. நாள் மாறியிருந்தால் எண்ணிக்கையை நினைக்கப் பயமாக இருக்கிறது.

அது வெறும் மண் மலை இல்லை. உள்ளே இருந்தது பெரும்பகுதி ஈரமான சாப்பாட்டுக் கழிவு. காற்றுப் புகாமல் உக்கி மெதேன் பிடித்து, குப்பைச்சாறு ஊறி, அடியில் சதுப்பு நிலம். இந்த இழையில் நாம் பேசுகிற அதே வாயுதான், அதே சாறுதான். கொழும்பு 7இல் இருந்து மருதானை வரை ஒவ்வொரு வீட்டுச் சோற்றுப் பானையும் அதில் ஒரு பிடி போட்டிருக்கிறது. அதனால் எடுத்துக்கொண்டு போகச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, எங்கே போகிறது என்று கேட்காமல் விடுவதில்தான் ஆட்சேபம்.


கொட்டாஞ்சேனை ரவி
ஞாயிறு, பிற்பகல் 1.50

தம்பி, நான் புளூமெண்டல் நாற்றத்தில் வளர்ந்தவன். மேட்டில் நெருப்புப் பிடித்து இரவு முழுக்கப் புகை வந்த காலம் எங்களுக்கும் தெரியும். அதனால்தான் எரிக்கிற ஆலை வந்தபோது ஆறுதலாக இருந்தது. கொட்டாமல் எரித்தால் மலை வராதுதானே? அதைத்தான் சொன்னேன்.


புத்தளம் உப்பளம்
ஞாயிறு, பிற்பகல் 2.30

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மீதொட்டமுல்லைக்குப் பிறகு கொழும்புக் குப்பை எங்கட ஊருக்குத்தான் காட்டப்பட்டது. அறுவக்காட்டில், சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டின குழிகள் இருக்கிற இடத்தில் நிரப்புநிலம். களனியில் ஏற்றி ரயிலில் 170 கிலோமீற்றர் கொண்டு வருகிற திட்டம். 2018, 2019இல் ஊர் முழுக்கக் கறுப்புக் கொடி கட்டிப் போராடினோம். வில்பத்துவும் களப்பும் பக்கத்தில் இருக்கு, மீன்பிடிதான் பல குடும்பத்துக்குச் சோறு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்த ரயிலில் ஏற்ற நினைக்கிறதில் பெரும்பங்கு தண்ணீர். வெள்ளவத்தையில் ஒருவர் மிச்சம் விட்ட சொதியையும் சோற்றையும் டீசல் எரித்து 170 கிலோமீற்றர் இழுத்து எங்கட மண்ணில் புதைக்கிறதில் யாருக்கு என்ன லாபம்? பிளாஸ்ரிக்கும் கண்ணாடியும் மட்டும் வந்தால் அதில் பாதி திரும்ப விற்கக்கூடியது, நாறாது, சாறு வடியாது. சாப்பாட்டைக் கொழும்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள் வாணி அக்கா, அது எங்களுக்குச் செய்கிற பெரிய உதவி.


சாணவண்டு
ஞாயிறு, பிற்பகல் 3.22

உப்பளம் நானா சொன்ன தண்ணீர்தான் ரவி அண்ணாவின் கேள்விக்கும் விடை. ஒரு கிலோ சாப்பாட்டுக் கழிவில் முக்கால் கிலோ தண்ணீர். மிச்சக் கால் கிலோவை எரித்தால் ஏறத்தாழ 4.5 மெகாயூல் வெப்பம். அந்த முக்கால் கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கவே 2 மெகாயூல் அளவு போய்விடும். மிச்சம் இரண்டரை. நீராவிச் சுழலி வழியாக மின்சாரமாக்கும்போது அதில் ஐந்தில் ஒன்று கிடைத்தால் நல்லது. அதே கிலோவைத் தொட்டியில் போட்டால் கிடைக்கிற வாயுவில் 2.1 மெகாயூல். அடுப்பில் நேரே எரித்தால் அதில் பாதியாவது பானைக்குப் போகும். எஞ்சினில் விட்டால் மூன்றில் ஒன்று மின்சாரம், அதாவது ஒரு தொன் கழிவுக்கு 200 யூனிட் அளவு.

எரிக்கிற ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொலித்தீன், துணி, அழுக்குக் கடதாசி, நப்பி போன்றவற்றுக்கு இன்று வேறு நல்ல வழி இல்லை. ஆனால் ஈரமான சோறு போகப் போக அந்த ஆலையும் திணறும். சாப்பாட்டைப் பிரித்தெடுத்தால் அங்கே போகிற குப்பை உலர்ந்து, வெப்பம் கூடி, அதே 10 மெகாவோற்றைச் சுலபமாகத் தரும். எரித்தால் நைதரசன் புகையோடு போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


மலைச்சாரல்
ஞாயிறு, மாலை 4.47

நுவரெலியாவில இருந்து எழுதுறேன். எங்க வீட்டுல தலைமுறையா மரக்கறித் தோட்டம்தான். கரட், லீக்ஸ், கோவா. ராத்திரி லொறி ஏத்தினா விடியக்காலைல பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போயிரும், முந்தி புறக்கோட்டைக்குப் போகும். ஏத்துறப்ப மண்ணோட சத்தும் சேர்ந்துதான் போகுது. திரும்பி வர்ற லொறி வெறுமையா வருது. இத நான் சின்ன வயசுல இருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன்.

2021ல ஒரே நாள்ல ரசாயனப் பசளைய நிறுத்தினாங்க. நவம்பர்ல திரும்ப விட்டாங்க, ஆனா அதுக்குள்ள ஒரு போகம் போயிருச்சு. அந்த நேரம் நகரத்துக் குப்பைக் கொம்போஸ்ட் வாங்கலாம்னு ஒரு இடத்துல இருந்து எடுத்தோம். மூட்டையப் பிரிச்சா கண்ணாடித் துண்டு, பேனா மூடி, சம்போ பக்கட், ஊசி. எங்க அம்மா வெறும் காலோட பாத்தியில நிக்கிறவங்க. அப்படியே ஓரத்துல கொட்டிட்டோம். அதுக்கப்புறம் எங்க பக்கம் யாருமே நகரத்துக் கொம்போஸ்ட்ட நம்புறது இல்ல.

கொம்போஸ்ட்டுல நைதரசன் நூத்துக்கு ஒண்ணு, ஒண்ணரைதான். யூரியாவுல 46. அதனால அது யூரியாவுக்கு மாத்து இல்ல, யாரும் அப்படி ஏமாத்த வேணாம். ஆனா எங்க சரிவுல மண்ணு மழையில அடிச்சுக்கிட்டுப் போகுது. மண்ணுல ஈரம் நிக்கவும் யூரியா வீணாகாம இருக்கவும் அது வேணும். கண்ணாடி இல்லாத, பொலித்தீன் இல்லாத சாப்பாட்டுக் கொம்போஸ்ட் கொடுத்தா காசு கொடுத்தே வாங்குவோம், வெறும் லொறியும் இருக்கு. உங்க அறுபது வீடும் பையில யோகட் கோப்பை போடாம இருக்குமான்னு மட்டும் சொல்லுங்க அக்கா.


வெள்ளவத்தை வாணி
ஞாயிறு, மாலை 5.30

தம்பி, நீங்கள் எழுதினதை எங்கட பிளட் வட்ஸ்அப் குழுவில அப்பிடியே போட்டனான். அம்மா வெறும் காலோட நிக்கிற இடத்தை வாசிச்சிட்டு மூன்றாம் மாடி மாமி உடன எழுதினவ, "இனி நான் பிரிச்சுத்தான் வைப்பன்" என்று. எல்லாரும் அப்பிடி மாறுவினம் என்று நான் நம்பேல்லை. ஆனா நோட்டீஸ் செய்யாததை அந்தப் பந்தி செய்தது.


இலைச்சோறு
ஞாயிறு, இரவு 8.10

பிள்ளை வாணி, நான் பம்பலப்பிட்டியில் சைவச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். கடையில் மிஞ்சுவது நாளுக்கு எண்பது, நூறு கிலோ வரும். வெட்டுக்கழிவு, தேங்காய்ப்பூச் சக்கை, பிசைந்து விட்ட சோறு, புளித்துப் போன மா. நல்ல நிலையில் மிஞ்சுகிற சோறு கறியை இரவு ஒன்பதரைக்கு ஓர் இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவோம். மனிசர் சாப்பிடக்கூடியதை முதலில் மனிசருக்குக் கொடுக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. இந்த இழையில் அதை யாரும் சொல்லாதபடியால் சொல்லுகிறேன்.

கழிவை முன்பு ஜா-எலப் பக்கத்துப் பன்றிப் பண்ணைக்காரர் வந்து எடுப்பார். அவருக்கும் லாபம், எங்களுக்கும் தலையிடி இல்லை. 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. மேல் மாகாணத்தில் பண்ணை பண்ணையாகச் செத்தது. ஹோட்டல் கழிவை வேகவைக்காமல் போடுவதும் அது பரவுகிற வழி என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்த மனுசனுடைய பண்ணை காலி. அதிலிருந்து என் கழிவு லொறிக்குத்தான் போகிறது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

சாணவண்டுத் தம்பியிடம் கேட்கிறேன். வாயுவைத் தினமும் எரிக்கிற ஓர் ஆள் வேண்டும் என்றீர்கள். என் கடையில் அடுப்பு காலை நான்கரைக்கு மூட்டினால் இரவு பத்துக்குத்தான் அணையும். 37.5 கிலோ சிலிண்டர் எடுக்கிறோம். பின்வளவு திறந்த வளவு, முன்பு விறகு அடுக்கின இடம் சும்மா கிடக்கிறது. எனக்குச் சரிவருமா?


சாணவண்டு
ஞாயிறு, இரவு 9.02

ஐயா, நான் தேடிக்கொண்டிருந்த ஆள் நீங்கள்தான். 100 கிலோவுக்கு 10 கன மீற்றர், எல்.பி. காஸ் 4.5 கிலோ. எட்டு நாளுக்கு ஒரு 37.5 கிலோ சிலிண்டர் மிச்சப்படும். வாணி அக்காவின் 60 கிலோவும் சேர்ந்தால் ஐந்து நாளுக்கு ஒன்று.

இரண்டு விஷயம் முன்பே சொல்லிவிடுகிறேன். தாளிக்கிற, பொரிக்கிற பெரிய சுவாலைக்கு இது போதாது. சோறு, பருப்பு அவிக்க, தண்ணீர் கொதிக்க வைக்க, சாம்பாரைச் சூட்டில் வைத்திருக்கப் பொருத்தம். அடுப்பின் துளையையும் பெரிதாக்க வேண்டும், சாதாரண காஸ் அடுப்பை அப்படியே மாட்டினால் சுடர் அணைந்து அணைந்து போகும். முட்டை அழுகின மணம் வந்தால் அது ஐதரசன் சல்பைட்டு. இரும்புத் தூள் நிரப்பின குழாய் ஒன்றின் வழியாக விட்டால் பிடித்துவிடும், விடாவிட்டால் அடுப்பை அரிக்கும்.

தொட்டி மாட்டின் வயிறு மாதிரி. தொடக்கத்தில் சாணம் கரைத்து ஊற்றுவதே அந்த வயிற்றுப் பற்றீரியாவைக் குடிவைக்கத்தான். கொழும்பு வெப்பநிலை அதற்கு இதம், குளிர்நாட்டில் போல சூடாக்கத் தேவையில்லை. ஆனால் கடைச் சோறு விரைவில் புளிக்கும். ஒரே நாளில் கலியாணச் சாப்பாடு மிஞ்சியது என்று 300 கிலோ கொட்டினால் அமிலம் கூடி மெதேன் பற்றீரியா செத்துவிடும். அமிலக் காட்டி (pH) 6.8க்குக் கீழே போனால் போடுவதை நிறுத்தி, சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். தேசிக்காய், தோடம்பழத் தோல் அளவாக. பொரித்த எண்ணெய் வேண்டாம். சிரட்டை, இளநீர்க் கோம்பை, எலும்பு உக்காது.

கரைக்க நல்ல தண்ணீர் வேண்டாம், அரிசி கழுவின தண்ணீரும் கஞ்சியும் போதும். அவையும் உணவுதான்.


கொலன்னாவை மகன்
ஞாயிறு, இரவு 9.20

கோம்பை என்றதும் ஒன்று. கொழும்பில் தெருவுக்குத் தெரு இளநீர்க் கோம்பை குவிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணி, நுளம்பு. மலை சரிந்த அதே 2017இல்தான் நாட்டில் டெங்கு 1 லட்சத்து 86 ஆயிரத்தைத் தாண்டியது. கோம்பையை நாலாகப் பிளந்து போடச் சொல்லி வண்டிக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். காஸுக்கு உதவாவிட்டாலும் இதைச் செய்யலாம்.


அண்ணாநகர் செல்வம்
திங்கள், காலை 7.15

சென்னையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் விவாதத்தை ஆவலோடு படித்தேன். எங்கள் கோயம்பேடு சந்தையில் 2005 வாக்கிலேயே நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவை வாயுவாக்கும் ஆலை அமைத்தார்கள். சந்தையில் குவியும் கழிவு அதைவிடப் பல மடங்கு, வாழைத்தண்டும் கரும்புத் தோகையும் சாக்கும் கலந்து வரும். ஆலை ஓடுவதும் நிற்பதுமாகவே இருந்தது. இந்தூரில் 2022 பிப்ரவரியில் நாளுக்கு 550 டன் ஆலை தொடங்கினார்கள், அதன் வாயுவில் நகரப் பேருந்து ஓடுகிறது. அங்கே அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே வீடு வீடாக ஈரக் குப்பையைத் தனியாக வாங்கிப் பழக்கிவிட்டார்கள். ஆலை பிறகுதான் வந்தது. தென் கொரியா 2005இல் உணவுக் கழிவைப் புதைக்கத் தடை போட்டு, 2013இலிருந்து எடைக்கு ஏற்பப் பணம் வாங்குகிறது.

உங்கள் பேலியகொடைச் சந்தைக்கு யாராவது திட்டம் போட்டால், தயவுசெய்து முதலில் சந்தைக்குள் கழிவு பிரிக்கும் மேடையைக் கட்டச் சொல்லுங்கள்.


ஈக்காரி
திங்கள், காலை 10.05

எல்லாரும் வாயுவையே பேசுறீங்க, நான் ஒரு பூச்சிக்காகக் கதைக்கிறேன். விலங்கியல் முடிச்சவள், கறுப்புப் படைவீரன் ஈ வளர்ப்பில் ஆய்வு செய்தேன். பார்க்கக் குளவி மாதிரி மெலிசாக இருக்கும். வளர்ந்த ஈ நம்ம சாப்பாட்டில் மொய்க்காது, ஒரு வாரம் மாதிரி உயிரோட இருந்து, முட்டை இட்டுச் செத்துப்போகும். ஒரு பெண் ஈ 500 முட்டை அளவு இடும். புழுதான் சாப்பிடுறது. இரண்டு வாரத்தில் தான் தின்ற கழிவைப் பாதிக்கும் கீழே குறைச்சுப்போடும். உலர்த்தின புழுவில் 40 வீதம் புரதம், 30 வீதம் கொழுப்பு. கோழிக்கும் மீனுக்கும் தீன். மீன்தூளும் சோயாவும் இறக்குமதி பண்ணுற நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மிஞ்சுற எச்சம் பசளை.

ஆனால் வாணி அக்காவின் பிளட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். புழு வளர்ப்புக்குத் தினமும் ஆள் வேணும், ஈரம் கூடினால் மணக்கும், அயலவர் ஈ என்ற பேரைக் கேட்டாலே பயப்படுவாங்க. இது பேலியகொடை மீன் சந்தைக் கழிவு போல, ஒரே இடத்தில் தொன் கணக்கில் வருகிற, வாயுத் தொட்டிக்கு நைதரசன் கூடின கழிவுக்குப் பொருத்தம். நகரத்துக்கு வெளியில், கோழிப் பண்ணைக்குப் பக்கத்தில் செய்யணும்.


மலைச்சாரல்
திங்கள், காலை 11.30

தங்கச்சி, அந்தப் புழு எச்சத்தப் பத்தி இன்னும் எழுதுங்க, தனி இழையா ஆரம்பிச்சாலும் நல்லது.


கொட்டாஞ்சேனை ரவி
திங்கள், பிற்பகல் 12.40

நேற்று இரவு முழுக்க யோசித்தேன். சாணவண்டு தம்பியின் தண்ணீர்க் கணக்கு என் எண்ணத்தை மாற்றிவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும் இன்னும் இருக்கிறது. ஐயாவின் கடைக்கு 160 கிலோ கழிவு போனால், வெளியே 320 லீற்றர் கரைசல் வருமே. பம்பலப்பிட்டியில் அதற்கு மட்டும் எங்கே இடம்?


சாணவண்டு
திங்கள், பிற்பகல் 2.18

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அண்ணா. அதில் பாதியை வடித்து, தெளிந்த நீரைத் திரும்பக் கரைக்கப் பயன்படுத்தலாம். முழுவதையும் சுற்ற விட்டால் அமோனியா ஏறித் தொட்டியைக் கெடுக்கும். மிச்சம் நாளுக்கு 160 லீற்றர். தலவத்துகொடை, பத்தரமுல்லைப் பக்கத்தில் பூங்கன்று வளர்த்து விற்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் உரத்துக்குக் காசு கொடுக்கிறவர்கள். பத்துக்கு ஒன்றாகத் தண்ணீர் கலந்து ஊற்றச் சொல்ல வேண்டும், நேரே ஊற்றினால் வேர் கருகும். அவர்களில் ஒருவர் வாரத்துக்கு இரண்டு தரம் சின்ன லொறியில் தாங்கி வைத்து எடுத்தால் போதும். எழுத்தில் ஒப்பந்தம் வாங்கின பிறகுதான் நான் குழி வெட்டுவேன். பீ.எச்.ஐ.யிடமும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வரைபடத்தைக் காட்டி அனுமதி கேளுங்கள். பிறகு அயலவர் முறைப்பாடு செய்தால் பதில் இருக்கும்.


இலைச்சோறு
திங்கள், மாலை 6.05

என் மருமகளின் தகப்பன் தலவத்துகொடையில் அந்தூரியம் வளர்க்கிறார். இன்று கதைத்தேன். முதல் மாதம் இலவசமாகக் கொடுத்தால் ஒரு பகுதிச் செடிக்கு மட்டும் ஊற்றிப் பார்ப்பாராம். பூவின் நிறம் கெடாவிட்டால் எடுப்பாராம். நியாயமான மனுசன்.

பிள்ளை வாணி, உங்கள் கழிவை நான் எடுக்கிறேன். ஆனால் மலைச்சாரல் தம்பி சொன்ன அதே நிபந்தனைதான் எனக்கும். மூடி போட்ட வாளியில், பொலித்தீன் பை இல்லாமல் வர வேண்டும். சைவக் கடை வளவு என்றபடியால் மீன், இறைச்சிக் கழிவு மட்டும் எடுக்க முடியாது, மன்னிக்க வேண்டும்.


வெள்ளவத்தை வாணி
திங்கள், இரவு 8.45

ஐயா, உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது என்று தெரியேல்லை. கூட்டத்தில நான் வைக்கப்போற யோசனை இதுதான். எங்கட வளவில தொட்டி வைக்கிறேல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் மூடியோட ஒரு சின்ன வாளி. மரக்கறி, சோறு, பழத்தோல் அதில. காலை ஏழு மணிக்கு முதல் கீழே பெரிய பீப்பாயில கொட்ட வேணும். கூட்டுற அம்மாவுக்கு கையுறையும் சப்பாத்தும் வாங்கி, அந்தப் பீப்பாயைப் பார்க்கிற வேலைக்கு மாதம் மேலதிகமாகச் சம்பளம். அது இல்லாமல் நான் இந்தத் திட்டத்துக்குச் சம்மதிக்க மாட்டன். எங்கட சோம்பலை அவவின்ர கையில ஏத்திப்போட்டு, பசுமை என்று பேர் வைக்க ஏலாது. முச்சக்கரவண்டி ஒன்று பிடிச்சு பம்பலப்பிட்டிக்கு அனுப்புறது, வீட்டுக்குக் கொஞ்சக் காசு வரும்.

மீன், இறைச்சி, முட்டைக்கோதுக்கு மட்டும் ஒரு கொம்போஸ்ட் பீப்பாய் பின்பக்கம் வைக்கலாமா? மணக்குமா?


சாணவண்டு
திங்கள், இரவு 9.30

முட்டைக்கோது தாராளமாக. மீன் கழிவை ஒவ்வொரு தரமும் தும்புச்சோறு (தென்னந்தும்புத் தூள்) இரண்டு மடங்கு போட்டு மூடினால் மணக்காது. நைதரசன் கூடினதோடு காபன் கூடினதைக் கலக்கிற கணக்குத்தான் அது. பீப்பாய்க்கு அடியிலும் பக்கத்திலும் காற்றுத் துளை, எலி வராமல் துளைக்குச் சின்னக் கண் கம்பிவலை. வாரம் ஒருக்கால் கிளற வேண்டும். கையால் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு துளிதான் சொட்ட வேண்டும். ஒழுகினால் தும்புச்சோறு கூட்டுங்கள். அறுபது வீட்டு மீன் கழிவுக்கு ஒரு பீப்பாய் போதாது, மூன்று வையுங்கள். ஒன்று நிறையும்போது மற்றது முதிரட்டும்.


மூன்றாம் மாடி மாமி
திங்கள், இரவு 10.15

வாணி சொல்லித்தான் இங்கே சேர்ந்தனான். தும்புச்சோற்றுச் செலவு என்ர பொறுப்பு. மற்றது, லஞ்ச் ஷீட்டில கட்டின கடைப் பார்சல் மிச்சத்தை அப்பிடியே போடுற பெடியள் இரண்டாம் மாடியில இருக்கினம். அவையளிட்ட நான் கதைக்கிறன்.


கொட்டாஞ்சேனை ரவி
செவ்வாய், காலை 6.50

எங்கள் லேன் சந்தியில் இருக்கிற கோயில் மடைப்பள்ளியிலும் தினமும் அடுப்பு எரிகிறது. அன்னதான நாளில் இலையும் சோறும் மலையாகக் குவியும், மாலை பூவும் இருக்கு. சாணவண்டு தம்பி, வாழையிலையும் பூவும் தொட்டிக்கு ஒத்துவருமா? ஒத்துவந்தால் தர்மகர்த்தாவிடம் நானே போய்க் கதைக்கிறேன்.


சாணவண்டு
செவ்வாய், காலை 7.34

பூ ஒத்துவரும், நூலைக் கழற்றிவிட வேண்டும். வாழையிலையை விரல் நீளத்துக்கு வெட்டிப் போட்டால் மெதுவாக உக்கும், முழுசாகப் போட்டால் மேலே மிதந்து தட்டாகப் பிடிக்கும். அன்னதான நாள் கழிவை ஒரே தடவையில் போடாமல் மூடிய பீப்பாயில் வைத்து நாலைந்து நாளாகப் பிரித்துப் போடுங்கள். தர்மகர்த்தாவிடம் போகும்போது சொல்லுங்கள் அண்ணா, நானும் வருகிறேன். இடத்தைப் பார்க்காமல் அளவு சொல்ல முடியாது.